டெக்னிக்கல் ரவுண்டை வெளியே கொடுக்கலாமா? நேர்காணல் சேவைகள் பற்றி ஒரு மதிப்பீடு

பெருங்குடியில் தொடங்கி சிறுசேரி வரை, சென்னையின் ஐடி சாலையான ஓஎம்ஆரில் ஆள் எடுக்கும் நிறுவனங்களின் ஹெச்ஆர் மேசைக்கு இந்த விற்பனைப் பேச்சு வந்தபடி இருக்கிறது: உங்கள் எஞ்சினியர்கள் வேலையைப் பார்க்கட்டும், நேர்காணலை எங்களிடம் விடுங்கள். பேனலை, அதாவது கேள்வி கேட்கும் குழுவை, சேவை நிறுவனத்தாரே கொண்டுவருவார்கள். வீடியோவில் ஒரு மணி நேரம் கேள்வி கேட்பார்கள். ஒன்றிரண்டு நாளில் மதிப்பெண்ணோடு ரிப்போர்ட் வரும். கட்டணம் ஒரு நேர்காணலுக்கு இவ்வளவு என்று.

எந்த ஒரு பிராண்டையும் பற்றி எழுதவில்லை. நாலு முதல் ஏழு வருட அனுபவமுள்ள எஞ்சினியர்களை எடைபோட இந்த வகைச் சேவை எவ்வளவு தூரம் உதவும் என்பதுதான் கேள்வி. ஃப்ரெஷர்களுக்கும் ஆர்கிடெக்ட்களுக்கும் கணக்கு வேறு. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: ஐந்துக்கு மூன்று. அந்த மூன்றில் இரண்டு, ரிப்போர்ட்டுக்கு அல்ல, நேர்காணலின் வீடியோ ரெக்கார்டிங்குக்கு.

ஏன் வாங்குகிறார்கள் என்பது சாதாரணக் கூட்டல் கணக்கு. உள்ளேயே நடத்தினால் இரண்டு பேர் பேனல், தலா ஒன்றரை மணி நேரம், அதன்பின் ஆளுக்கு அரை மணி நேரம் கருத்து எழுத. ஒரு ஆளைப் பார்க்க நாலு மணி நேர உழைப்பு போகிறது. பத்துப் பேரைப் பார்த்தால் நாற்பது மணி நேரம், அதாவது ஒரு எஞ்சினியரின் முழு வாரம். இங்கே நோட்டீஸ் பீரியட் பல இடங்களில் 60 நாள், சில இடங்களில் 90. அந்தத் தொண்ணூறு நாளில் ஆஃபர் லெட்டரை வைத்துக்கொண்டு இன்னும் இரண்டு இடம் ஏறி இறங்குவார்கள். பழைய நிறுவனமே சம்பளத்தை ஏற்றி நிறுத்திக்கொள்வதும் உண்டு. சேரும் நாளன்று போன் ஸ்விட்ச் ஆஃப் ஆகியிருக்கும். அதனால் ஒரு இடத்துக்கு ஒரு ஆளைத் தேர்ந்தெடுத்தால் போதாது, இரண்டு மூன்று பேரைக் கையில் வைத்திருக்க வேண்டும். உள் பேனலின் சனிக்கிழமைகள் இப்படித்தான் கரைகின்றன.

சேவை எங்கே சறுக்குகிறது என்றால், பெரும்பாலும் முதல் நாளிலேயே. வேலை விவரத்தை அனுப்பச் சொல்வார்கள். அதில் "ஜாவா, ஸ்பிரிங் பூட், மைக்ரோசர்வீஸ், கஃப்கா, ஏடபிள்யூஎஸ்" என்று மளிகைச் சீட்டு மாதிரி எழுதியிருக்கும். சீட்டில் என்ன இருக்கிறதோ அதுவே கேள்வியாகத் திரும்பி வரும், ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம். இதைத் தடுக்க ஒரே வழி, ஒப்பந்தத்துக்கு முன்னால் அவர்களுடைய பேனல் தலைவரோடு அரை மணி நேரம் பேசுவது. விற்பனை ஆளோடு பேசினால் உதவாது. உங்கள் டீமில் கடந்த மூன்று மாதத்தில் முடிந்த டிக்கெட்களில் (பதிந்து ஒப்படைக்கும் வேலைகளில்) நாலைந்தை எடுத்துக் காட்டி, "இந்த வேலையை யார் கையும் பிடிக்காமல் முடிக்கிற ஆள் வேண்டும்" என்று சொல்லுங்கள். பேச்சின் முடிவில் அவர்கள் கேள்விப் பட்டியலை மாற்றினால் அந்தச் சேவையை வாங்கலாம். "எல்லாம் எங்க கொஸ்டின் பேங்க்ல இருக்கு சார்" என்றால் வேண்டாம்.

கொஸ்டின் பேங்க் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு உதாரணம் போதும். சென்னையில் ஜாவா நேர்காணலுக்குப் போன யாரும் "ஹாஷ்மேப் உள்ளே எப்படி வேலை செய்கிறது?" என்ற கேள்வியிலிருந்து தப்பியிருக்க வழியில்லை. ஒரு கீயைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பைத் தேடித்தரும் அமைப்பு அது; கீயிலிருந்து கணக்கிடும் ஹாஷ்கோட் என்ற எண்ணை வைத்து, எந்தப் பக்கெட்டில், அதாவது எந்த அறையில், போடுவது என்று முடிவாகும். 2014-இல் வந்த ஜாவா 8-இலிருந்து, ஒரே பக்கெட்டில் எட்டுக்கு மேல் சேர்ந்தால் லிங்க்ட் லிஸ்ட் (சங்கிலி வரிசை) மரமாக (கிளை பிரியும் அமைப்பாக) மாறும் என்ற பதில் எல்லாருக்கும் மனப்பாடம். பக்கெட்கள் அடங்கிய டேபிளின் அளவு 64-க்குக் குறைவாக இருந்தால் மரமாக்காமல் டேபிளையே பெரிதாக்கும் என்ற பின்பாதியைச் சிலர் சொல்வார்கள். முன்பாதி சொன்னாலும் பின்பாதி சொன்னாலும், அவர் நேற்று என்ன வேலை செய்தார் என்று நமக்குத் தெரியப்போவதில்லை.

அதே ஹாஷ்மேப்பை வைத்து உருப்படியாகக் கேட்க முடியும். ஒரு ஆர்டர் ஆப்ஜெக்டைக் கீயாகப் போடுகிறோம். அதன் ஹாஷ்கோட் கணக்கில் ஸ்டேட்டஸும் சேர்ந்திருக்கிறது. பணம் வந்ததும் ஸ்டேட்டஸை மாற்றிவிட்டு, அதே ஆர்டரை வைத்துத் தேடினால் நல் (ஒன்றும் இல்லை என்ற பதில்) திரும்புகிறது. மேப்பின் அளவு மட்டும் குறையவில்லை. என்ன நடந்தது? மனப்பாடக்காரர் "கொலிஷன்" (இரண்டு கீ ஒரே பக்கெட்டில் மோதுவது) என்பார். புரிந்தவர், போட்ட பக்கெட் ஒன்று, தேடுகிற பக்கெட் வேறு என்று பிடித்துவிடுவார். வேலையில் அடிபட்டவர் அதற்கு மேலும் போய், "முதல்ல ஆர்டரையே ஏன் கீயா போட்டாங்க? ஆர்டர் நம்பரைப் போட்டா போதுமே" என்பார். நமக்கு வேண்டிய இடைநிலை எஞ்சினியர் இவர்தான். ஐந்து நிமிடத்தில் மூன்று படிகளும் தெரிந்துவிட்டன. கொஸ்டின் பேங்கில் இந்த மாதிரிக் கேள்வி இருந்தாலும், எந்தப் பதிலுக்கு எவ்வளவு என்ற அளவுகோல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மூன்று பதிலுக்கும் "சரி" என்று டிக் அடித்துவிடுவார்கள்.

அடுத்து, சிஸ்டம் டிசைன், அதாவது ஒரு மென்பொருளின் மொத்த அமைப்பை வரைந்து காட்டச் சொல்லும் பகுதி. "வாட்ஸ்அப்பை வடிவமையுங்கள்" என்ற கேள்வியை ஐந்து வருட அனுபவமுள்ளவரிடம் கேட்பது வெட்டி வேலை. லோட் பேலன்சர், ரெடிஸ், கஃப்கா என்று பெட்டி பெட்டியாக வரைந்து காட்டுவார். யூடியூபில் பார்த்ததுதான். நாளைக்கு உங்கள் ஆபீசில் அவர் அதைக் கட்டப்போவதும் இல்லை. அரைகுறையாக எழுதிய ஒரு டிக்கெட்டை வாங்கி, விட்டுப்போனதைக் கேட்டுத் தெளிந்து, புரொடக்‌ஷன் வரை (நிஜப் பயனர்கள் கைக்கு) கொண்டுசேர்த்து, நடுவில் தகராறு என்றால் முன்கூட்டியே வாய் திறப்பதுதான் இந்த நிலைக்காரரின் வேலை. கேள்வியும் அந்த அளவில் இருக்க வேண்டும்.

பள்ளிக் கட்டணம் வசூலிக்கும் ஒரு சிறிய ஆப் என்று வையுங்கள். பெற்றோர் யுபிஐயில் கட்டுகிறார். பேமென்ட் கேட்வே (பணத்தை வசூலித்துத் தரும் இடைச் சேவை) நம் சர்வருக்கு வெப்ஹுக், அதாவது பணம் வந்துவிட்டது என்ற தானியங்கிச் செய்தி, அனுப்புகிறது. நாம் பதில் தரத் தாமதமானால் அதே செய்தியை மறுபடியும் அனுப்பும். ஒரே பணத்துக்கு இரண்டு ரசீது விழுந்துவிட்டது. எப்படிச் சரிசெய்வீர்கள்?

"ஏற்கெனவே இருக்கான்னு செக் பண்ணிட்டு இன்சர்ட் பண்ணுவேன்" என்பதுதான் அதிகம் கேட்கும் பதில். இரண்டு வெப்ஹுக்கும் ஒரே நேரத்தில் வந்தால் இரண்டுமே "இல்லை" என்று பார்த்துவிட்டு இரண்டுமே இன்சர்ட் செய்யும். இதைச் சொல்லிக் காட்டியதும் "ஆமால்ல" என்று தானே திருத்திக்கொள்பவர் பரவாயில்லை. கேட்வே தருகிற பேமென்ட் ஐடி மேல் யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட் (ஒரே ஐடி இரண்டு முறை பதியாதபடி தடை) போட்டு, ரசீது எழுதுவதையும், நடந்தால் முழுதாக நடக்கிற, அதே டிரான்சாக்‌ஷனுக்குள் வைத்து, இரண்டாவது முறை வந்தால் பிழை காட்டாமல் 200 (சரி, கிடைத்தது என்ற குறியீடு) திருப்பி அனுப்புவேன் என்பவர் நல்ல ஆள். அவரிடம் மட்டும் அடுத்த கேள்வி: வெப்ஹுக் வராமலே போனால்? கேட்வேயின் பட்டியலையும் நம் டேபிளையும் குறிப்பிட்ட இடைவெளியில் ஒப்பிட்டுப் பார்க்கும், தானாக ஓடும் ஜாப் ஒன்று வேண்டும் என்று அவரே சொன்னால் அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை. சம்பளம் பேசலாம்.

இந்தக் கேள்வியைச் சேவை நிறுவனத்திடம் கொடுத்து நடத்தச் சொல்லலாம். பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் தொடர் கேள்விகளையும் நீங்களே எழுதித் தர வேண்டும். வெளி பேனல்காரருக்கு ஒரு மணி நேரத்தில் ஐந்து பகுதி முடிக்க வேண்டிய கட்டாயம். ஒரு பதிலை மூன்றாவது கேள்வி வரை துரத்திப்போக அவருக்கு நேரம் இருக்காது. ஆகவே ஐந்து பகுதியை இரண்டாகக் குறைக்கச் சொல்லுங்கள். இந்த ஒரு மாற்றம் அவர்கள் விற்கும் மற்ற எந்தக் கூடுதல் வசதியையும் விடப் பெரியது.

மற்றபடி கோட் எழுதும் பகுதிக்கு அவர்களுடைய லைவ் எடிட்டர் (பிரவுசரிலேயே கோட் எழுதி ஓட்டும் திரை) இருக்கும். ஹேக்கர்ரேங்க், கோடர்பேட் போன்றவற்றைச் சொந்தமாக வாங்கியும் வைத்துக்கொள்ளலாம். ஹேக்கர்ரேங்கைத் தொடங்கியவர்கள் திருச்சி என்ஐடியில் படித்த இருவர்; அப்போது அதன் பெயர் இன்டர்வியூஸ்ட்ரீட். எடிட்டர் எதுவாக இருந்தாலும் ஒன்றுதான். அதற்குள் என்ன போடுகிறோம் என்பதில்தான் விஷயம். அல்காரிதம் புதிர் போட்டால், மூன்று மாதம் லீட்கோட் பயிற்சித் தளத்தில் உட்கார்ந்தவர் ஜெயிப்பார். வீட்டில் சின்னக் குழந்தையும் ஆபீசில் ரிலீசும் வைத்துக்கொண்டு வருபவர் தோற்பார்.

வெற்று எடிட்டர் கொடுக்காமல், ஏற்கெனவே ஓடுகிற, ஆனால் கோளாறுள்ள கோடைக் கொடுங்கள். 150 முதல் 200 வரி. ஒரு நிமிடத்துக்குள் ஓட வேண்டும். தோற்கிற டெஸ்ட் ஒன்று தயாராக இருக்க வேண்டும். பக் (பிழை) மூன்றுக்கு மேல் வேண்டாம். அந்தக் கட்டண ஆப்பையே எடுத்துக்கொண்டால், முதல் பக் பணத்தை டபுள் என்ற தசம எண் வகையில் வைத்திருப்பது: 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும், ஒப்பீடு தோற்கும். பைசாவாக முழு எண்ணில் வைத்தால் தீர்ந்தது. இரண்டாவது, முந்நூறு மாணவர் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக டேட்டாபேஸுக்குப் போய்வருவது: ஒரு குவெரியில் (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியில்) முடிய வேண்டியது 301 ஆகிறது. மூன்றாவதுதான் ருசியானது. சர்வர் யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) ஓடுகிறது, "இன்றைய வசூல்" ரிப்போர்ட்டும் யுடிசி தேதியை வைத்தே பிரிக்கிறது. நம் நேரம் ஐந்தரை மணி முன்னால். ஆக, நள்ளிரவு 12 முதல் விடிகாலை 5.30 வரை கட்டிய பணமெல்லாம் நேற்றைய கணக்கில் போய் உட்காரும். பகல் முழுக்க டெஸ்ட் பண்ணினாலும் இது கண்ணில் படாது. தோற்கிற டெஸ்டில் நேரம் 02:10 என்று இருப்பதைக் கவனித்து "இது டைம்ஸோன் மேட்டரா?" என்று கேட்பவர் லாக் (சர்வர் பதிவுகள்) பார்த்துப் பழகியவர் என்று தைரியமாக எழுதலாம்.

நேரப் பங்கீடு: படிக்க ஐந்து நிமிடம், திருத்த முப்பத்தைந்து, பேச பத்து. இதில் கெட்டுப்போகிற இடங்களும் தெரிந்தவையே. கோடை ஆளின் லேப்டாப்பில் இறக்கி ஓட வைக்கச் சொன்னால், ஜாவா வெர்ஷன் தகராறிலேயே கால் மணி நேரம் போய்விடும். பிரவுசருக்குள்ளேயே ஓட வேண்டும். இன்னொன்று குறிப்பு கொடுப்பது. ஒரு பேனல்காரர் மூன்றாவது நிமிடமே "டேட்டா டைப்பைப் பாருங்க" என்பார், இன்னொருவர் இருபது நிமிடம் கல்லாக உட்கார்ந்திருப்பார். இருவர் கொடுக்கும் மதிப்பெண்ணையும் எப்படி ஒப்பிடுவது? பத்து நிமிடம் நகரவில்லையென்றால் முதல் குறிப்பு, அடுத்த எட்டு நிமிடத்தில் இரண்டாவது என்று அட்டையில் எழுதிக் கொடுங்கள். எத்தனை குறிப்பு வாங்கினார் என்பதையும் ரிப்போர்ட்டில் பதியச் சொல்லுங்கள்.

ரிப்போர்ட்டுக்கு வருவோம். பக்கம் அழகாக இருக்கும். சிலந்திவலைப் படம், வண்ணக் கட்டங்கள், "பிராப்ளம் சால்விங் 3.5, டெக்னிக்கல் நாலெட்ஜ் 3.5, கம்யூனிகேஷன் 2.5". கீழே "ஸ்பிரிங் பூட்டில் நல்ல அறிவு உள்ளது" என்று ஒற்றை வரி. இதை வைத்து என்ன முடிவு எடுப்பது? ஐந்து மார்க் அளவுகோல் கொடுத்தால் எல்லாரும் மூன்றில் போய்ப் படுத்துக்கொள்வார்கள். நாலு படி மட்டும் வையுங்கள்: கண்டிப்பாக வேண்டாம், வேண்டாம், வேண்டும், கண்டிப்பாக வேண்டும். நடுவில் சாய்ந்துகொள்ள இடம் கிடையாது. ஒவ்வொரு படிக்கும் ரெக்கார்டிங்கில் எந்த நிமிடத்தில் என்ன சொன்னார் என்ற ஆதாரம் வேண்டும். நிமிடக் குறிப்பு இல்லாத ரிப்போர்ட்டைத் திருப்பி அனுப்பும் உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த "கம்யூனிகேஷன் 2.5" என்ற கட்டத்தைச் சும்மா விடக் கூடாது. பேனல்காரர் புனேயிலோ நொய்டாவிலோ இருப்பார். ஆள் திருநெல்வேலியிலோ தர்மபுரியிலோ படித்து, வேளச்சேரியில் அறை எடுத்துத் தங்கி, ஐந்து வருடமாகத் தமிழ் பேசும் டீமில் வேலை பார்த்தவர். டிரான்சாக்‌ஷன் ஐசொலேஷனை (ஒரே நேரத்தில் நடக்கும் மாற்றங்கள் ஒன்றையொன்று கெடுக்காமல் பிரித்துவைப்பதை) இங்கிலீஷில் விளக்கச் சொன்னால் "ஆக்சுவலி, பேசிக்கலி" என்று தடுமாறுவார். அதையே "தமிழ்லயே சொல்லுங்க, பரவாயில்லை" என்றால் மடமடவென்று வரும்: "ரெண்டு பேரும் ஒரே ரோவைத் தொடுறாங்க சார், முதல் ஆள் கமிட் பண்றதுக்குள்ள ரெண்டாவது ஆள் பழைய வேல்யூவைப் படிச்சிட்டாரு, அங்கதான் அடி." தலையில் சரக்கு இருக்கிறது, கோளாறு மொழியில் மட்டும்தான். வேலைக்கு அமெரிக்க கிளையண்ட்டோடு தினம் பேச வேண்டியிருந்தால் இங்கிலீஷைத் தனியாக, பத்து நிமிடம், அதற்கென்றே சோதியுங்கள். டெக்னிக்கல் மதிப்பெண்ணுக்குள் அது ரகசியமாகக் கலந்துவிடக் கூடாது. தமிழ் தெரிந்த பேனல் கேட்டால் சில சேவைகள் தருவார்கள். கேட்காமல் யாரும் தரமாட்டார்கள்.

தமிழில் பேசுவதில் இன்னொரு லாபமும் உண்டு. "நாங்க மோனோலித்தை மைக்ரோசர்வீசா மாத்தினோம்" என்று, ஒரே பெரிய புரோகிராமைச் சிறு சர்வீஸ்களாகப் பிரித்த கதையை ஆரம்பிப்பவரிடம், "அதுல உங்க கை பட்ட இடம் எது?" என்று கேட்டால் கதை சட்டென்று தரைக்கு வந்துவிடும். நாற்பது பேர் டீமில் நோட்டிஃபிகேஷன் சர்வீஸ் மட்டும் இவர் எழுதியிருப்பார். அதில் தப்பில்லை. அந்த ஒன்றைப் பற்றி ஆழமாகச் சொல்கிறாரா என்பதே கேள்வி: எந்த பக் இரவில் எழுப்பியது, ரோல்பேக் (பழைய வெர்ஷனுக்குத் திரும்புவது) எப்படிச் செய்தார், இப்போது எழுதினால் எதை மாற்றுவார். முன் சொன்ன ஐந்து பகுதி அவசரத்தில் காணாமல் போவது இந்தக் கேள்விகள்தான்.

சேவைக்கு நியாயம் செய்ய வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை வாக்-இன் டிரைவ்களில் உள் பேனல்கள் நடத்தும் கூத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஒரு அறையில் எஸ்கியூஎல் ஜாயின் என்ற டேட்டாபேஸ் கேள்வி, பக்கத்து அறையில் புதிர், மூன்றாவது அறையில் "ஐந்து வருடம் கழித்து எங்கே இருப்பீர்கள்". யாருக்கு எந்த அறை கிடைத்ததோ அதுதான் விதி. எல்லாருக்கும் ஒரே கேள்வி, ஒரே அளவுகோல் என்ற ஒழுங்கை வெளிச் சேவை கொண்டுவருகிறது. தேர்வு முறைகள் பற்றி 1998-இல் ஷ்மிட், ஹன்டர் இருவரும் தொகுத்த பெரிய ஆய்வில், பின்னாள் வேலைத்திறனோடு ஒத்துப்போவதில் ஒழுங்குபடுத்திய நேர்காணலுக்கு 0.51 கிடைத்தது (முழுதாக ஒத்துப்போனால் 1), வேலை பார்த்த வருடங்களுக்கு வெறும் 0.18. 2022-இல் சாக்கெட்டும் சகாக்களும் அந்தக் கணக்கைத் திருத்தியபோது எண்கள் இறங்கின, ஆனாலும் ஒழுங்குபடுத்திய நேர்காணல் 0.42 என்று முதலிடத்தில் நின்றது. ரெஸ்யூமில் வருடத்தை எண்ணி வடிகட்டும் ஹெச்ஆர்களுக்கு இந்த இரண்டு எண்களையும் அச்சடித்துக் கொடுக்கலாம்.

ஆள்மாறாட்டம், ஏஐ. அடையாள அட்டை பார்ப்பது, கேமரா, பிரவுசர் டேப் மாறினால் எண்ணுவது எல்லாம் பேக்கேஜில் வரும். டேப் எண்ணிக்கையை நம்பாதீர்கள்; இரண்டு மானிட்டர் வைத்திருப்பவர் திரும்பிப் பார்த்தாலே சந்தேகக் கேஸ் ஆகிவிடுவார். திரையில் தெரியாத ஏஐ உதவியாளரை எந்த டேப் எண்ணிக்கையும் பிடிக்காது. பாதி வழியில் தேவையை மாற்றுவது வேலை செய்கிறது: "சரி, இப்போ பாதிக் கட்டணமும் கட்டலாம்னு பள்ளி சொல்லுது, எந்த வரி மாறும்?" தானே எழுதியவர் கர்சரை நேராக அந்த இடத்துக்குக் கொண்டுபோவார். மற்றவர் மேலிருந்து கீழே உருட்டிக்கொண்டே இருப்பார். ஏஐயைத் திறந்தே கொடுத்துவிட்டு, அது எழுதியதில் என்ன தப்பு என்று கேட்பது இன்னும் நேர்மையான வழி. வேலையிலும் அப்படித்தானே செய்யப்போகிறார். நேர்காணலில் ஒருவர், சேரும் நாளில் வேறொருவர் என்ற பழைய தில்லுமுல்லுக்கு மருந்து கடைசி ரவுண்டை நேரில் வைப்பதே. தரமணிக்கோ கிண்டிக்கோ ஒருமுறை வரவழைத்து, ரெக்கார்டிங்கில் அவர் எழுதிய கோடையே திறந்து அரை மணி நேரம் பேசினால் போதும்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. உங்களிடமே வேலை பார்க்கும் நாலைந்து பேரை, அவர்கள் சம்மதத்தோடு, இந்த நேர்காணலுக்கு அனுப்புங்கள். யார் எப்படி வேலை செய்வார் என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் சிறந்த ஆளுக்கு "வேண்டாம்" வந்தால் அந்தச் சேவையோ, நீங்கள் கொடுத்த கேள்வியோ, இரண்டில் ஒன்று பழுது. அதோடு, ஒரே ரெக்கார்டிங்கை அவர்களுடைய இரண்டு பேனல்காரர்களிடம் தனித்தனியாக மதிப்பிடச் சொல்லுங்கள். நாலு படி அளவுகோலில் ஒரு படிக்கு மேல் வித்தியாசம் வந்தால் பேரம் பேச வேண்டாம், எழுந்து வந்துவிடலாம்.

ஒப்பந்தத்தில் சிறிய எழுத்தில் இருப்பவை. பேனல்காரர்கள் பலர் வேறெங்கோ வேலை பார்த்துக்கொண்டு மாலையில் இதைச் செய்பவர்கள். உங்கள் ஆளின் இப்போதைய ஆபீசிலேயே அந்தப் பேனல்காரரும் வேலை பார்த்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். வேலை தேடும் விஷயம் மறுநாள் கேன்டீன் வரை போய்விடும். ஒரே நிறுவனத்தைச் சேர்ந்தவர்களைக் கோர்க்கக் கூடாது என்ற தடை எழுத்தில் வேண்டும். ரெக்கார்டிங் எத்தனை மாதம் இருக்கும், யார் பார்ப்பார்கள், தேர்வாகாதவரின் வீடியோ எப்போது அழிக்கப்படும் என்பதும் வேண்டும். 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியிருக்கிறது, ஒப்புதல் வாங்காமல் பதிவு செய்வது தலைவலி. ஸ்லாட் இரவு எட்டு முதல் பத்து வரையும் சனிக்கிழமையும் இருக்கிறதா என்று பாருங்கள். பகல் மூன்று மணி ஸ்லாட் கொடுத்தால், ஆபீசில் இருப்பவர் மாடிப்படியில் நின்றுகொண்டு போனில் கோட் எழுதப் பார்ப்பார். வராமல் போனவருக்கும் முழுக் கட்டணமா என்று கேளுங்கள். பலர் அப்படித்தான் பில் போடுகிறார்கள். வெள்ளிக்கிழமை மாலை ஸ்லாட்டுகளுக்கு மட்டுமாவது பாதிக் கட்டணம் என்று இறக்கிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.